அத்தை சொன்ன கட்டி

பர்கூர்,
1956 டிசம்பர் 4, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். ஐந்து நிமிடத்தில் நான்கு சொட்டு.

மதிப்புக்குரிய மாமா சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு, மைத்துனன் சின்னராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நலம் விசாரித்து இரண்டு வரி எழுதுவது முறை. அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மேலே எழுதியிருக்கும் நான்கு சொட்டு, பூவம்மாள் அக்காவின் எச்சில். குனிந்து உட்காரச் சொல்லி, விழுங்காமல், மத்திகிரிக் கால்நடைப் பண்ணை லேபிலிருந்து நான் கொண்டுவந்த கண்ணாடிக் குழாயில் அதுவாக ஒழுகவிடச் சொன்னேன். ஒழுகவில்லை, நூல் மாதிரி தொங்கியது. அதே குழாயைக் கழுவி, அதே ஐந்து நிமிடம் நானும் செய்து பார்த்தேன். முப்பதைத் தாண்டியது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தனை படிச்சது எச்சில் எண்ணவாடா ராசு" என்றாள். அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்க மூன்று தடவை நிறுத்தினாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. விரலால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டுதான் அடுத்த சொல்.

நான் நேற்று மாலை வந்தேன். யாரும் கூப்பிடவில்லை. கழுத்துக் கட்டிக்கு ஊசி போட்டு மூன்று வாரம் ஆகிறதே, ரத்தத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம் என்று இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் வலது காதுக்குக் கீழே வீக்கம். காதுமடல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. காய்ச்சல் நூற்றிரண்டு. உங்கள் அம்மா, எங்கள் அத்தை, அதன்மேல் கம்பளியைச் சுற்றி வைத்திருக்கிறார்கள், பனிக்காற்று பட்டுவிடுமாம்.

கட்டி திரும்பிவிட்டது என்று கிருஷ்ணகிரி டாக்டர் உங்களுக்கு எழுதியிருப்பதாகவும், வருகிற திங்கட்கிழமை இரண்டாம் சுற்று ஊசியை இரண்டு மடங்காகப் போட நீங்கள் சம்மதம் அனுப்பியிருப்பதாகவும் அத்தை சொன்னார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். அந்த ஊசியை இப்போது போடக்கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். இந்த மருந்து யுத்தகாலத்து விஷவாயுவின் வம்சம். வேகமாகப் பெருகுகிற உயிரணு எதுவாக இருந்தாலும் அடிக்கும். கழுத்துக் கட்டியை அடித்தது. பத்து நாளில் கரைந்ததை நீங்களே பார்த்திருக்கலாம், வந்திருந்தால். அதோடு எலும்பு மஜ்ஜையையும், குடல் தோலையும், வாய்த் தோலையும் அடித்தது. ஒரு வாரம் வாந்தி. உடம்பிலிருந்த தண்ணீர் எல்லாம் போயிற்று. எச்சில் சுரப்பியை இது என்ன செய்கிறது என்று நான் பார்த்த புத்தகத்தில் ஒரு வரி இல்லை. ஆகவே அந்த இடத்தில் நான் சொல்வது ஊகம். ஆனால் நான்கு சொட்டு ஊகம் இல்லை.

மாட்டின் எச்சில் சுரப்பியை மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி நூறு தடவை பார்த்திருக்கிறேன். காதுக்குக் கீழே திராட்சைக் குலை போலச் சின்னச் சின்னப் பைகள். அவற்றிலிருந்து ஒரு குழாய் கன்னத்துக்குள்ளாக வந்து, மேல்வரிசைக் கடைவாய்ப்பல் எதிரே வாயில் திறக்கிறது. மனிதனுக்கும் அதே அமைப்பு. எச்சில் ஓடிக்கொண்டே இருக்கும்வரை வாயிலுள்ள கிருமி அந்தக் குழாயில் ஏற முடியாது. வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனால் என்ன ஆகும்? கீழே இருக்கிற தவளை மேலே போகும். அக்காவுக்கு அதுதான் ஆகியிருக்கிறது என்று நினைக்கிறேன். வீங்கியிருப்பது பழைய கட்டி இல்லை. காய்ந்துபோன எச்சில் சுரப்பியில் சீழ் பிடித்திருக்கிறது.

நான் நினைப்பது சரி என்றால், இந்த நிலையில் இரண்டு மடங்கு ஊசி என்பது கிருமியோடு சண்டை போட மிச்சமிருக்கிற வெள்ளணுக்களையும் கொன்றுவிடும். அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நான் நினைப்பது தப்பு என்றால், ஊசியைத் தள்ளிப்போட்டுக் கட்டியை வளரவிட்டவன் நான். இரண்டையும் எழுதிவிட்டேன். பிறகு சொல்லவில்லை என்று சொல்லாதீர்கள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிருஷ்ணகிரி போய் டாக்டரைப் பார்க்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
சின்னராஜ்


பர்கூர்,
1956 டிசம்பர் 5, புதன், மாலை.

மாமாவுக்கு மறுபடியும் வணக்கம். நேற்றுப் போட்ட கடிதம் கையில் கிடைத்திருக்கும். கிடைக்காவிட்டாலும் இதைப் படித்தால் புரியும்.

டாக்டரைப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. கும்பகோணத்துக்காரர், இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, முப்பது பேர் வெளியே காத்திருக்கிறார்கள். நான் யார் என்று கேட்டார். கால்நடைப் பண்ணை லேப் என்றேன். "அப்போ நீங்க மாட்டைப் பாருங்கோ தம்பி, மனுஷாளை நான் பார்த்துக்கறேன்" என்றார். கம்பவுண்டர் சிரித்தான். எனக்குச் சுரீர் என்றது. மாட்டுக்கும் மனிதனுக்கும் எச்சில் சுரப்பி ஒரே இடத்தில்தான் இருக்கிறது, நீங்கள் தொட்டது கழுத்துக் கட்டி இருந்த இடமே இல்லை, பழைய கட்டி தாடைக்குக் கீழே நடுக்கழுத்தில் இருந்தது என்று நின்றபடியே சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்தது தப்புதான்.

அவர் கோபிக்கவில்லை. உட்காரச் சொன்னார். போன வெள்ளிக்கிழமை அத்தை அக்காவைக் கூட்டிக்கொண்டு போனபோது நடந்ததைச் சொன்னார். இவர் கேட்டிருக்கிறார்: கட்டி இருக்கா? அத்தை: கட்டிதான் சாமி. எப்போதிலிருந்து? ஊசி போட்டதிலிருந்தே கட்டிதான். முன்பு இருந்ததைவிடப் பெரிசா? முன்னைக்கு இப்ப ரொம்பக் கட்டி சாமி. பிறகு கையை வைத்துப் பார்த்தால் காதுக்குக் கீழே வீக்கம் இருக்கிறது. ஊசி போட்டதிலிருந்து கட்டி வளர்ந்துகொண்டே வருகிறது என்று கூடவே இருக்கிற மாமியார் சொல்லும்போது நான் வேறு என்ன நினைக்க முடியும் என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. கட்டி கரைந்ததை நானே கையால் தொட்டுப் பார்த்தவன். போன மாதம் நான் வந்தபோது அத்தைதான் அக்காவின் கழுத்தைத் தடவிக் காட்டி, போயே போச்சு என்றார்கள். அப்படிப்பட்டவர்கள் டாக்டரிடம் ஏன் மாற்றிச் சொன்னார்கள்? பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதே யோசனை.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் கேட்டேன். டாக்டரிடம் கட்டி என்று சொன்னீர்களா? ஆமாம், சொன்னேன் என்றார்கள். ஏன் சொன்னீர்கள்? அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கட்டியா இருக்கறவளைக் கட்டின்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றது? ரெண்டு உருண்டை ராகி முத்தே முழுங்கறா, தானா எழுந்து நடக்கறா. பலமில்லேன்னு சொன்னா அந்தச் சாமி ஊசி போடாம அனுப்பிட்டா என்ன பண்ணுவே நீ?"

மாமா, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தளிப்பக்கத்துக் கன்னடம் பேசுகிற வீட்டில் பிறந்தவர் நீங்கள். நாங்கள் கெட்டி என்று சொல்வதை உங்கள் அம்மா முதல் எழுத்தை அழுத்திக் கட்டி என்பார்கள். திடமாக இருக்கிறாள், பலமாக இருக்கிறாள் என்று பொருள். டாக்டர் கேட்டது கழுத்துக் கட்டி. அத்தை காதில் விழுந்தது மருமகள் கட்டியாக இருக்கிறாளா என்று. எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து, சொன்னால் முதல் எழுத்தில் மட்டும் வித்தியாசம். அந்த வித்தியாசம் கும்பகோணத்துக் காதுக்கு எட்டவில்லை. ஊசி போட்டதிலிருந்து திடமாக இருக்கிறாள், முன்னைவிடத் திடமாக இருக்கிறாள் என்று அத்தை சொல்லச் சொல்ல, அவர் மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்.

நான் சிரித்தேன். பஞ்சாயத்தில் எல்லை எங்கே போடுவது, எந்த ஊர் எந்த மாநிலத்துக்கு என்று போன மாதம்வரை எல்லோரும் மேடை போட்டுப் பேசினார்கள். அந்த எல்லை எங்கள் அக்காவின் கழுத்தில் வந்து நிற்கும் என்று ஒருவனும் சொல்லவில்லை.

அக்கா அங்கேதானே இருந்தாள், அவள் ஏன் திருத்தவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். திருத்தத்தான் வாயைத் திறந்தாளாம். நாக்கு எழவில்லை. தண்ணீர் கேட்டுக் கையை ஆட்டியிருக்கிறாள். குளிர்கிறது போலிருக்கிறது, கம்பளியை இழுத்து மூடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாராம்.

சாப்பாடு இறங்குகிறதா என்றும் கேட்டிருக்கிறார். நன்றாக இறங்குகிறது என்பதுதான் பதில். அதுவும் பொய் இல்லை. களியை மென்று தின்கிறவர் நம்மில் யார்? கிள்ளி உருட்டிக் கீரைச்சாற்றில் முக்கி அப்படியே விழுங்குகிறோம். அதற்கு எச்சிலே வேண்டாம், சாறு இழுத்துக்கொண்டு போய்விடும். சோறு தின்கிற வீடாக இருந்தால் முதல் நாளே தொண்டையில் நின்றிருக்கும், வாய் காய்ந்துபோனது தெரிந்திருக்கும். மூன்று வாரமாக இந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு சோதனை செய்தேன். கொல்லை மரத்துப் புளியங்காயைப் பறித்துவந்து அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து உப்புத் தொட்டுக் கடித்தேன். அத்தை தூரத்தில் நின்றே எச்சில் விழுங்கினார்கள். அக்காவுக்கு வாயில் ஒரு பொட்டு ஈரம் வரவில்லை. ஆனால் காதடியில் சுரீர் என்று குத்தியது என்று கையை வைத்துக்கொண்டாள். கழுத்துக் கட்டிக்குப் புளி தெரியாது. எச்சில் சுரப்பிக்குத்தான் தெரியும்.

அத்தையிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். முழுவதும் கேட்டார்கள். பிறகு, என் பிள்ளை ஊசி போடச் சொல்லி எழுதியிருக்கிறான், அவன் வந்து வேண்டாம் என்று சொன்னால்தான் நிறுத்துவேன் என்றார்கள். நான் என்ன சொன்னாலும் அதே பதில். அடுப்படியில் போய் அழுதார்கள். அதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தங்கள்,
சின்னராஜ்


பர்கூர்,
1956 டிசம்பர் 6, வியாழன், பிற்பகல்.

மாமா அவர்களுக்கு,

உங்கள் தந்தி காலையில் வந்தது. டாக்டர் சொல்படி செய்யவும், லீவு கிடைக்கவில்லை. அவ்வளவுதான். என் முதல் கடிதத்தைப் படித்த பிறகு அனுப்பியதா, படிக்காமல் அனுப்பியதா என்று தெரியவில்லை. படிக்காமல் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படி வைத்துக்கொள்வதுதான் எனக்கும் நல்லது.

தந்தியை அக்காவிடம் படித்துக் காட்டும்படி ஆயிற்று. கேட்டுவிட்டு, ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை ரொம்ப அதிகம் என்று அவளே உங்களுக்காகச் சொன்னாள். உங்களோடு அதே ஷாப்பில் வேலை பார்க்கிற திம்மராயன், தீபாவளிக்கு ஒருமுறையும் தங்கை நிச்சயத்துக்கு ஒருமுறையும் வந்துபோனான். இதை உங்களிடம்தான் சொல்கிறேன், அவளிடம் சொல்லவில்லை.

இன்று நடந்தவை. விடிந்ததும் அக்காவை வெளிச்சத்தில் உட்காரவைத்தேன். வாயைத் திறக்க முடியவில்லை, இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தாள். ஸ்பூனால் கன்னத்தை ஒதுக்கிக்கொண்டு, காதடி வீக்கத்தை வெளியிலிருந்து முன்பக்கமாக மெதுவாக அழுத்தினேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், சத்தம் போடவில்லை. கடைவாய்ப்பல் எதிரே குழாய் திறக்கிற இடத்தில் கலங்கலாக ஒரு துளி வந்து நின்றது. எச்சில் இல்லை, சீழ். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கட்டியில் அழுத்தினால் வாய்க்குள் சீழ் வராது என்று சொன்னேன். அவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

அந்தத் துளியைக் கண்ணாடியில் தடவிக்கொண்டேன். அக்காவின் விரல்நுனியில் ரத்தமும் எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு ஓடினேன். டாக்டரிடம் மைக்ராஸ்கோப் இருக்கிறது, தூசியோடு. கேட்டேன், கொடுத்தார். சாயம் ஏற்றிப் பார்த்தால் கொத்துக் கொத்தாகக் கிருமி. அவரையும் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். சீழ் அணுக்கள் இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று அவரே கேட்டார். அதுதான் பயம் என்றேன். வெள்ளணு எண்ணிக் காட்டினேன்: ஆயிரத்து முந்நூறு. ஐயாயிரத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. அவர் என்னை நகரச் சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து இன்னொரு தடவை எண்ணினார். ஆயிரத்து நானூறு வந்தது.

அதன்பிறகு மாட்டைப் பற்றிப் பேச்சு வரவில்லை. கட்டி விஷயத்தைச் சொன்னேன். அந்தச் சொல்லை என்னை இரண்டு விதமாகவும் சொல்லச் சொல்லிக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மதராஸில் இந்த மருந்தை எழுதிக்கொடுத்த பெரிய டாக்டருக்குத் தந்தி கொடுத்தார், பெனிசிலின் எடுத்துக்கொண்டு என்னோடு அதே பஸ்ஸில் பர்கூர் வந்து தன் கையாலேயே போட்டார். அக்காவிடம், தப்பு என்னுடையதம்மா என்றார். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். இந்தத் தடவை அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் மாமா, அவர் கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்னதைத்தான் நீங்கள் கவனித்துப் படிக்கவேண்டும். அவர் பேசியபடியே எழுதுகிறேன்.

"சீழ் இருக்கறதுனால கட்டி இல்லேன்னு ஆயிடாது. ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். திங்கட்கிழமை வரைக்கும் பெனிசிலின். வீக்கம் வடிஞ்சா நீ ஜெயிச்சே. வடியலேன்னா, ஊசி போட்டாலும் ஆபத்து, போடலேன்னாலும் ஆபத்து. அந்த முடிவை நானும் நீயும் எடுக்கப்படாது. அந்தப் பொண்ணும் அவ புருஷனும் எடுக்கணும். அவரை வரச் சொல்லு. கடுதாசி வேண்டாம், ஆள் வரணும்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க பஸ் நிறுத்தம்வரை முயன்றேன். முடியவில்லை.

இன்னொன்று. இதை எழுதவேண்டாம் என்று அக்கா சொன்னாள், எழுதுகிறேன். தலைமுடி பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டது. முக்காடு போட்டுக்கொண்டிருக்கிறாள். கன்னம் ஒருபக்கம் கோணிப்போயிருக்கிறது. உதடு வெடித்திருக்கிறது. அவர் பார்த்தால் தாங்கமாட்டார், நல்லானபிறகு வரட்டும் என்கிறாள். ஆக அவள் உங்களைப் பார்க்கப் பயப்படுகிறாள், நீங்கள் அவளைப் பார்க்கப் பயப்படுகிறீர்கள். நடுவில் தபால்காரன் நடக்கிறான். நீங்கள் பயப்படுவதில் எனக்குக் குற்றம் தோன்றவில்லை. இன்று காலை அந்தத் துளியைப் பார்த்தபோது எனக்கும் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவள் என் சட்டையைப் பிடித்திருந்ததால் நான் நகரவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை இரவு மதராஸில் மெயில் ஏறினால் ஞாயிறு விடியலில் ஜோலார்பேட்டை. அங்கிருந்து பர்கூருக்கு பஸ் இருக்கிறது. ஏறுவதற்கு முன்னால் அந்தப் பெரிய டாக்டரைப் பார்த்து, வெள்ளணு ஆயிரத்து முந்நூறு, எச்சில் சுரப்பியில் சீழ் என்ற இரண்டை மட்டும் சொல்லி, என்ன செய்யலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். இந்தக் கடிதத்தை பஸ் டிரைவரிடம் கொடுத்து ஜோலார்பேட்டை ரயில் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன். நாளைக்கு உங்கள் கையில் இருக்கும்.

கடிந்து எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். வேறு மாதிரி எழுத நேரமில்லை.

என்றும் தங்கள் மைத்துனன்,
சின்னராஜ்

இனி நான் செய்யப்போவது:

1. லீவை நீட்டிக்கச் சொல்லிப் பண்ணைக்கு இன்றே எழுதிவிடுவேன். கொடுக்காவிட்டாலும் இங்கேதான் இருப்பேன்.

2. காலையும் மாலையும் பெனிசிலின் போட, டாக்டரின் கம்பவுண்டரை பஸ்ஸில் கூட்டிவருவேன்.

3. களியை நிறுத்திவிட்டு, உப்புப் போட்ட நீர்த்த கஞ்சியும் மோரும் கொடுக்கச் சொல்வேன். அத்தை சண்டை போடுவார்கள். போடட்டும்.

4. கால்மணிக்கு ஒருமுறை தண்ணீர். உப்புநீரில் வாய் கொப்பளிப்பு. காதடியில் சுடுநீர் ஒத்தடம், பின்னிருந்து முன்னாகத் தடவி.

5. தினமும் காலையில் எச்சிலை எண்ணுவேன். அக்கா கேலி செய்வாள். கேலி செய்ய நாக்கு எழுகிறதா என்றும் பார்த்துக்கொள்வேன்.

6. திங்கட்கிழமை வீக்கம் வடியாமல், ஊசி போடுவது என்று நீங்களும் அவளும் முடிவு செய்தால், நான் எதிர்த்துப் பேசமாட்டேன். கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

7. இப்போது உள்ளே போய், மாமா கிளம்பிவிட்டார் என்று அக்காவிடம் சொல்லப்போகிறேன். அதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.